பழைய லாரியில் ஸ்டீயரிங் ஆட்டம்: அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

திருநெல்வேலிச் சீமையில் பழைய வண்டிக்கு ஓய்வு கிடையாது. ஆலங்குளம், பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி, அம்பைப் பக்கம் வைக்கோல், ராதாபுரம் பக்கம் ஜல்லி, உவரியிலிருந்து மீன் என்று பழைய டாடா 407, 1109, 1613, லேலண்ட் காமட் எல்லாம் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் என்றைக்காவது ஒருநாள் இந்தப் புகார் வரும்: "அண்ணாச்சி, ஸ்டீயரிங் ஆடுது, என்னன்னு பாருங்க."

பட்டறையில் பெரும்பாலும் சட்டென்று ஒரு பதில் கிடைக்கும்: "ராடு போச்சு, காலத்தோட மாத்திருவோம்." அவர்கள் சொல்லும் காலம், நேரம் இல்லை, ஸ்டீயரிங் காலம் (column). உடனே தலையாட்டிவிடாதீர்கள். வீலிலிருந்து பாக்ஸ் (வீலின் சுற்றலை டயர் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டி) வரை இறங்கும் ராடு, அதைச் சுற்றிய குழாய், மேலே ஒரு புஷ் அல்லது பேரிங், கீழே கிராஸ் (கோணத்தில் சேரும் இரண்டு ராடுகளை இணைக்கும் கூட்டல்குறி வடிவத் துண்டு), நடுவில் நீண்டு சுருங்கும் பல் ஜாயிண்ட், இவற்றைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள். ஸ்டீயரிங் காலம் என்பது இவ்வளவுதான். மொத்தமாகத் தேய்ந்த காலம் அபூர்வம். ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு போல்ட் இளகியிருக்கும். காலத்தில் கோளாறே இல்லாமல் கீழே டிராக் லிங்க் (பாக்ஸின் அசைவை முன் சக்கரத்துக்குக் கொண்டு போகும் கம்பி) போயிருப்பதும் உண்டு. அதனால் எதைக் கழற்றுவதற்கும் முன்னால் ஆட்டம் எந்த இடத்தில் பிறக்கிறது என்று கைவைத்துப் பார்த்துவிட வேண்டும்.

கழற்றும் முன்: இரண்டு பேர், இரண்டு விரல்

வண்டியைச் சமதளத்தில், முன் டயர் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கைக்கு அகப்பட்ட உருண்டைக் கல் உதவாது, உருண்டு போய்விடும். கிராஸ், பாக்ஸ், டிராக் லிங்க் எல்லாவற்றையும் டீசல் தொட்ட பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிடுங்கள். அழுக்கும் கிரீஸும் அப்பியிருந்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்டீயரிங் வீல் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். டேஷ்போர்டில் ஒரு கம்பியை அதை நோக்கி நீட்டிக் கட்டுங்கள். ஒருவர் வீலை மெதுவாக இடமும் வலமும் அசைக்க, முன் டயர் அசையத் தொடங்கும் வரை டேப் எவ்வளவு தூரம் காலியாக நகர்கிறது என்று அளந்து கொள்ளுங்கள். பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால் இன்ஜின் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். அப்போது கீழே கிடப்பவர் விரலை ஜாயிண்டுக்கு நடுவில் கொடுக்கக் கூடாது.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆம் விதி, ஸ்டீயரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் காலி ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. 45 செ.மீ. விட்டமுள்ள வீலில் அது கிட்டத்தட்ட 12 செ.மீ. வரும். அது சட்டம் வைத்த கடைசிக் கோடு. அதுவரைக்கும் விட்டுவைக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. பவர் இல்லாத வண்டியில் 5 செ.மீ. தாண்டினாலே நான் கீழே படுத்துப் பார்த்துவிடுவேன்.

அப்புறம் முக்கியமான வேலை. மேலே ஒருவர் வீலை அசைத்துக்கொண்டே இருக்கட்டும். கீழே இருப்பவர் ஒவ்வொரு ஜாயிண்டிலும் இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு விரலுக்குக் கீழே அசைவு வந்து, மற்ற விரலுக்குக் கீழே வரவில்லை என்றால் ஆட்டம் அந்த ஜாயிண்டில்தான். வீலில் தொடங்கி மேல் புஷ், கிராஸ், பல் ஜாயிண்ட், பாக்ஸுக்குள் போகும் ராடு, டிராப் ஆர்ம் (பாக்ஸிலிருந்து தொங்கும் கை), டிராக் லிங்க், டை ராடு எண்ட் (இரண்டு முன் சக்கரங்களை இணைக்கும் கம்பியின் முனை) என்று வரிசையாக இறங்குங்கள். ஒன்று கிடைத்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். பழைய வண்டியில் ஆட்டம் இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறவர்களும், செங்கோட்டை ரோட்டில் போகிறவர்களும் "வண்டி இழுக்குது, நிக்க மாட்டேங்குது" என்று வருவார்கள். பாதிப் பேருக்குக் கோளாறு காற்றில்தான். பக்கக் காற்று தள்ளும்போது கொஞ்சம் ஆட்டம் இருந்தாலே வீலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். காற்றில்லாத காலை நேரத்தில், லோடு இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

## வீலைப் பிடித்து இழுத்தால் மேலும் கீழும் அசைகிறது

டயர் திரும்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீலின் இரு பக்கத்தையும் பிடித்து மேலே கீழே, முன்னே பின்னே அசைத்துப் பாருங்கள்.

வீல் மட்டும் அசைந்து ராடு அசையாமல் இருந்தால் நடு நட்டு இளகியிருக்கிறது. ஹார்ன் பட்டனைக் கழற்றி நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் அசைந்தால் வீலுக்குள் இருக்கும் பல் தேய்ந்துவிட்டது. வீலை மாற்ற வேண்டும். தகரம் வெட்டிச் சந்தில் செருகி இறுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அதைச் செய்தவர் வண்டியில் நான் ஏற மாட்டேன்.

குழாயோடு சேர்ந்து அசைந்தால் டேஷுக்குக் கீழே குழாயைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைப் பாருங்கள். ஜல்லி வண்டிகளில் இவை இளகுவது சாதாரணம். கிளாம்புக்குள் இருக்கும் ரப்பர் நைந்து போயிருந்தால் புதிதாகப் போடுங்கள். போல்ட் இறுகியிருந்தும் அசைந்தால் டார்ச் அடித்துப் பிராக்கெட்டையும் அது உட்காரும் கேபின் தகட்டையும் பாருங்கள். முடி அளவு விரிசலாக இருந்தாலும் பெயின்ட் அந்த இடத்தில் வெடித்திருக்கும். பிராக்கெட், தகடு ஆகியவற்றை நல்ல வெல்டர் சரிசெய்து தரலாம். ராடுக்கு மட்டும் வெல்டிங் கூடவே கூடாது.

குழாய் அசையாமல் ராடு மட்டும் குழாய்க்குள் ஆடினால் மேல் புஷ் அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. இது வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஹார்ன் பட்டன், நடு நட்டு எல்லாம் எடுக்கும் முன், வீலிலும் ராடு முனையிலும் நேர்நேராகப் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி அடியுங்கள். வீலைக் கழற்ற புல்லர் வேண்டும். சொந்தமாக இல்லாவிட்டால் பட்டறையில் வாடகைக்குக் கேளுங்கள். ராடு முனையில் சுத்தியால் அடித்தால் மரையும் கெடும், கீழ் பேரிங்கும் கெடும். நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து மரை பிடிக்கும்படி விட்டுவிட்டுப் புல்லரை இறுக்குங்கள். வீல் படக்கென்று விடுபடும்போது முகத்தில் வந்து அடிக்காமல் இருக்க இதுதான் வழி.

இண்டிகேட்டர் சுவிட்ச், சர்க்கிளிப் (பள்ளத்தில் உட்காரும் பூட்டு வளையம்) எல்லாம் எடுத்தபின் புஷ் வெளியே வரும். புஷ் ஓடிய இடத்தில் ராடை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால் புது புஷ் போதும். கடையில் கிடைக்காத புஷ் என்றால் லேத்தில் கடைந்து வாங்கலாம். பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் போகும்போது பழைய புஷ்ஷை மட்டும் கொண்டு போகாதீர்கள். ராடையும் கழற்ற முடிந்தால் கொண்டு போங்கள், முடியாவிட்டால் வெர்னியரில் ராடை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தேய்ந்த புஷ்ஷைப் பார்த்துக் கடைந்தால் தேய்ந்த அளவுக்குத்தான் வரும். நகம் தட்டுகிற அளவுக்கு ராடில் படி விழுந்திருந்தால் புது புஷ் சீக்கிரமே போய்விடும். அங்கே ராடையே மாற்ற வேண்டியதுதான். வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்று லேத்தில் சொல்வார்கள். வேண்டாம்.

## வீலைச் சுற்றினால் டயர் தாமதமாகத் திரும்புகிறது

பெரும்பாலானவர்கள் இதைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். மேலே சொன்ன இரண்டு விரல் சோதனை எந்த இடத்தைக் காட்டியதோ, அந்தக் கிளைக்கு நேராகப் போங்கள்.

### கிராஸ் ஜாயிண்டில் ஆட்டம்

முதலில் கிராஸைப் பார்க்காதீர்கள். ராடை யோக்கோடு (கிராஸைப் பிடிக்கும் இரு காது உள்ள கவை) சேர்த்துப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைப் பாருங்கள். இளகியிருந்தால் ஆட்டம் அப்படியே கிராஸில் இருப்பது போலத்தான் கைக்குத் தெரியும். போல்ட்டைக் கழற்றி எடுத்துப் பாருங்கள். நடுவில் கழுத்து தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று அச்சிட்ட போல்ட், பழையது எந்த எண்ணோ அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் விற்கும் போல்ட் இங்கே ஆகாது. இந்த போல்ட் ராடில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகத்தான் போக வேண்டும். ராடு சரியாக உள்ளே இறங்காமல் போல்ட் பள்ளத்துக்கு வெளியே இறுகியிருந்தால், பார்க்க இறுக்கமாக இருக்கும். ஒருநாள் ராடு கழன்று மேலே வந்துவிடும். லாக் நட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது.

போல்ட் சரி என்றால் கிராஸ். கிராஸின் நாலு முனையிலும் ஊசி பேரிங்கோடு இருக்கும் கப்பைச் சுற்றிச் செந்தூள் கசிந்து காய்ந்திருந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் ஓடும் வண்டி, கிரஷர் தூளில் நிற்கும் வண்டி, மீன் தண்ணீர் வடியும் வண்டி ஆகியவற்றில் கிராஸ் சீக்கிரம் போகும். நெல் அறுப்பு நேரத்தில் தொளியில் (வயல் சேற்றில்) இறங்கிய வண்டியைக் கழுவும்போது ஸ்டீயரிங் கிராஸை யாரும் நினைப்பதில்லை. நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருந்தால் கிரீஸ் அடித்துப் பாருங்கள். புது கிரீஸ் நாலு கப்பிலும் வெளியே வந்து, சத்தம் மட்டும் நின்று, ஆட்டம் நிற்கவில்லை என்றால் கிராஸ் மாற்ற வேண்டியதுதான்.

மாற்றுவது இப்படி. கழற்றும் முன் ராடிலும் யோக்கிலும் பெயின்ட்டால் நேர்க் கோடு போட்டுக் கொள்ளுங்கள். பெயின்ட் டீசலில் அழியும் என்பதால் பக்கத்திலேயே உளியாலும் லேசாக ஒரு கோடு. இரண்டு கிராஸ் உள்ள வண்டியில் எல்லா ஜாயிண்டிலும் கோடு வேண்டும். இதைச் செய்யாமல் கழற்றினால் பூட்டும்போது பிரச்சினை. அது கீழே 'ஓரிடத்தில் இறுகுகிறது' பகுதியில் வருகிறது.

நாலு சர்க்கிளிப்பையும் எடுத்துவிட்டு, வைஸில் வைத்து, ஒரு பக்கம் கப்பைத் தள்ளச் சின்ன சாக்கெட்டும் மறுபக்கம் கப் வந்து விழப் பெரிய சாக்கெட்டும் கொடுத்து இறுக்குங்கள். வராவிட்டால் டீசல் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். யோக்கின் காதில் சுத்தியால் அடித்தால் காது விரிந்துவிடும், புது கப் நிற்காது.

கப் வந்ததும் காதின் ஓட்டையைப் பாருங்கள். புது கப் தட்டித்தான் இறங்க வேண்டும். கையால் தள்ளினாலே வழுக்கிப் போனால் யோக் தேய்ந்துவிட்டது, அதையும் மாற்றுங்கள். சுற்றிப் பஞ்ச் அடித்து இறுக்கமாக்குவது சில நாளைக்கு நிற்கும், அவ்வளவுதான். புது கிராஸைப் பூட்டும்போது கப்புக்குள் ஊசிகள் சாயாமல் இருக்கக் கெட்டியாகக் கிரீஸ் தடவுங்கள். கப்பை இறுக்கிக்கொண்டே வரும்போது சர்க்கிளிப் பள்ளம் முழுதாகத் தெரியவில்லை என்றால் நிறுத்துங்கள். ஓர் ஊசி குறுக்கே விழுந்திருக்கும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போய்விடும் என்று வைஸைத் திருகினால் கிராஸ் வீண். பூட்டியபின் நாலு திசையிலும் விரலால் தள்ளிப் பாருங்கள். எந்தத் திசையிலாவது மரத்துப் போன மாதிரி இருந்தால் செம்புச் சுத்தியால் காதுக்கு வெளிப்பக்கம் லேசாக ஒரு தட்டு, கப் தன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

### நீண்டு சுருங்கும் பல் ஜாயிண்டில் ஆட்டம்

கேபினும் சேஸும் தனித்தனியாக ஆடுவதால் இந்த ஜாயிண்ட் எப்போதும் கொஞ்சம் உள்ளே வெளியே போய் வந்துகொண்டிருக்கும். அந்த நீளவாக்கு அசைவு கோளாறு இல்லை. சுற்றுவாக்கில் ஆடினால்தான் தேய்மானம். முதலில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு நேர்க் கோடு போட்டுக்கொண்டு, கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, கோடு பார்த்துப் பூட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் என்றால் அடங்கினாலும் அடங்கும். பற்கள் கூராகத் தேய்ந்திருந்தாலோ, பல் வரிசை நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டு போனாலோ ஆண், பெண் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதைப் பழையது தின்றுவிடும்.

காயலான் கடையில் கழித்த வண்டியின் ராடு கிடைக்கும். வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள். தட்டையான கண்ணாடியிலோ கிரானைட் மேடையிலோ உருட்டினால் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. கரியடித்த ராடு, அதாவது நெருப்பில் கிடந்தது, வேண்டவே வேண்டாம். வெல்டிங் வைத்த தடம் எங்கேயாவது இருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

### கிராஸ் வரை சரி, பாக்ஸில் ஆட்டம்

பாக்ஸுக்குள் போகும் ராடு திரும்புகிறது, டிராப் ஆர்ம் அசையவில்லை. இதற்கும் எளிய காரணம் ஒன்று உண்டு. பாக்ஸைச் சேஸோடு பிடிக்கும் போல்ட்டுகள். வீலை அசைக்கும்போது பாக்ஸே சேஸில் நகர்கிறதா என்று பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றிச் செந்தூள் இருந்தால் அது நகர்கிறது. இறுக்குங்கள். இறுக்கிய பிறகு அதே இடத்தில் சேஸில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வண்டியை அங்கிருந்து எடுக்க வேண்டாம்.

பாக்ஸ் அசையவில்லை, ஆட்டம் உள்ளேதான் என்றால் இங்கே நீங்கள் செய்யக்கூடியது ஆயில் அளவு பார்ப்பது மட்டும். பாக்ஸ் மேல் இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்குரூவை எல்லாருக்கும் தெரியும், திருகினால் ஆட்டம் மறையும் என்பதும் தெரியும். பாக்ஸ் தேய்வது பெரும்பாலும் நேராக ஓடும் நடு நிலையில். அங்கே ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால், தேயாத பக்கங்களில் வீல் பிடித்துக்கொள்ளும். புளியரை எஸ் வளைவில் முழுதாகத் திருப்பிவிட்டு வீல் திரும்பி வராமல் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாக்ஸ் வேலை, ஸ்டீயரிங் பாக்ஸ் மட்டுமே பார்க்கும் மெக்கானிக்கிடம்.

### பாக்ஸுக்குக் கீழே

டிராப் ஆர்ம் நட்டு இளகியிருந்தால் இறுக்கலாம். ஆர்மைக் கழற்ற வேண்டிய நிலை என்றால் பட்டறைக்கு. டிராக் லிங்க், டை ராடு எண்டில் ரப்பர் மூடி கிழிந்திருந்தால் உள்ளே மண் போய்ப் பந்து தேய்ந்திருக்கும். ரப்பர் மூடி இருந்தாக வேண்டும் என்பது அதே 98-ஆம் விதியில் இருக்கிறது, எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சான்றுக்கான சோதனையில்) பார்ப்பார்கள். மிகப் பழைய டிராக் லிங்க் சிலவற்றில் முனையில் இறுக்கும் மூடி இருக்கும். ஸ்பிலிட் பின்னை எடுத்து, இறுக்கி, பந்து தடையில்லாமல் திரும்பும் அளவுக்குக் கொஞ்சம் இளக்கி, புது ஸ்பிலிட் பின் போடுங்கள். ஆணியை வளைத்துச் செருகுவதற்குப் பெயர் ஸ்பிலிட் பின் இல்லை.

முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங், போகாவிட்டால் கிங் பின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு). கிங் பின் புஷ் ரீமர் போட்டுச் செய்யும் வேலை. அதை வீட்டில் தொட வேண்டாம்.

## திருப்பும்போது 'டக் டக்' சத்தம்

நின்ற இடத்தில் அசைத்தாலே வந்தால் பெரும்பாலும் கிராஸோ பிஞ்ச் போல்ட்டோ. குழியில் இறங்கும்போது மட்டும் வந்தால் பல் ஜாயிண்ட் காய்ந்திருக்கும், இல்லையென்றால் டேஷ் கிளாம்ப். முழுதாகத் திருப்பும்போது மட்டும் வந்தால் பாக்ஸ் போல்ட், டிராப் ஆர்ம், கிங் பின் இந்த வரிசையில் பாருங்கள். உலோகத்தின் வழியாகச் சத்தம் ஓடிவிடும் என்பதால் காதை நம்பாதீர்கள். ஒரு நீள ஸ்குரூ டிரைவரின் முனையை ஜாயிண்டில் வைத்து, கைப்பிடியைக் கையால் பிடித்துப் பாருங்கள். தட்டு எங்கே அதிகம் என்று கைக்குத் தெரியும்.

'டக்' இல்லாமல் 'கர கர' என்று உரசல் வந்தால், தரைத் தகட்டில் ராடு நுழையும் ரப்பரோ, வீலுக்குக் கீழே பிளாஸ்டிக் மூடியோ உரசுகிறது. பெரிய விஷயமில்லை.

## சுற்றும்போது ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் இளகுகிறது

வீலை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு சுற்றில் இரண்டு தடவை இறுகி இரண்டு தடவை இளகினால் அது கிராஸ் சம்பந்தப்பட்டதுதான். ஒரு கிராஸ் துருப்பிடித்து ஒரு திசையில் இறுகியிருக்கலாம், கிரீஸ் அடித்தும் இளகாவிட்டால் மாற்றுங்கள். சமீபத்தில் யாரோ கழற்றிப் பூட்டிய பிறகு வந்தது என்றால், இரண்டு கிராஸுக்கு நடுவில் இருக்கும் ராடின் இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்படித்தான் இருக்க வேண்டும். பல் ஜாயிண்டைத் தப்பான இடத்தில் கோத்துப் பூட்டினால் வீல் இப்படித் திக்கித் திக்கித்தான் சுற்றும். கோடு போடச் சொன்னது இதற்குத்தான்.

எங்கேயாவது இடித்த வண்டி, கேபின் மாற்றிய வண்டி என்றால் குழாய் கோணலாக நிற்கும். டேஷ் கிளாம்ப்பை இளக்கிவிட்டு வீலைச் சுற்றிப் பாருங்கள். லேசாகிவிட்டால் குழாய் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. வாஷர் வைத்துக் கிளாம்பை நேர்செய்யலாம். ராடு வளைந்திருந்தால் நேராக்கப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

இறுக்கம் கடைசி முனையில் மட்டும் இருந்தால், யாரோ அட்ஜஸ்ட் ஸ்குரூவைத் திருகியிருக்கிறார்கள்.

## எல்லா இடத்திலும் கனமாக இருக்கிறது, திருப்பிவிட்டால் நேராக வருவதில்லை

காலத்தைத் தொடாதீர்கள். டயர் காற்றைப் பாருங்கள். அப்புறம் கிங் பின்னுக்குக் கிரீஸ் அடியுங்கள், முன் டயர் தரையில் நிற்கும்போது ஒரு தடவை, தூக்கி வைத்து ஒரு தடவை. பவர் ஸ்டீயரிங்கில் ஆயில், பெல்ட். இதெல்லாம் சரி என்றால் பாக்ஸுக்கு மேலே இருக்கும் பிஞ்ச் போல்ட்டைக் கழற்றி ராடைப் பிரித்துவிட்டு, வீலைத் தனியாகச் சுற்றுங்கள். ஒரு விரலால் சுற்ற வந்தால் மேலே கோளாறு இல்லை, கீழே தேட வேண்டும். அப்போதும் கனமாக இருந்தால் புது புஷ்ஷை இறுக்கமாகக் கடைந்திருக்கிறார்கள். இப்படிப் பிரித்து வைத்திருக்கும்போது வண்டியை யாரும் எடுத்துவிடாமல் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

## நேராக ஓடும்போது வீல் கோணலாக நிற்கிறது

வேலை முடிந்தபின் வந்தால் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறீர்கள். கழற்றி, கோட்டுக்கு வந்து பூட்டுங்கள். வேலை எதுவும் செய்யாமல் தானாக வந்தால் விஷயம் வேறு. ஏதோ வளைந்திருக்கிறது, இல்லை ஏதோ நழுவியிருக்கிறது. பாக்ஸ், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், ஸ்பிரிங் நடு போல்ட் எல்லாவற்றையும் பார்க்காமல் லோடு ஏற்றாதீர்கள்.

## வீலைத் திருப்பினால் ஹார்ன் தானாக அடிக்கிறது

ஹார்ன் வயர் ராடுக்குள்ளோ சுவிட்ச் அடியிலோ உரசி, மேல் உறை தேய்ந்திருக்கிறது. புது வயர் இழுத்து ஸ்லீவ் போட்டால் முடிந்தது. ஆனால் மேல் புஷ் தேய்ந்து ராடு ஆடுவதால் வயர் நசுங்கும் வண்டியும் உண்டு. வயர் மாற்றும்போதே ராடை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

## 40, 50 கி.மீ. வேகத்தில் வீல் உதறுகிறது

டயர், ரிம், வீல் பேரிங், கிங் பின், டை ராடு, ஸ்பிரிங் யூ போல்ட். காலம் இதற்குக் காரணமாக இருப்பது அபூர்வம். கிங் பின்னில் ஆட்டம் இல்லையென்றால் நேராகப் பட்டறைக்குப் போங்கள், மெதுவாக.

## இந்த இடங்களில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

ராடிலோ யோக்கிலோ டிராப் ஆர்மிலோ விரிசல். பல் முறுக்கியிருப்பது. பாக்ஸில் உள் ஆட்டம், அல்லது ஆயில் ஒழுகல். சேஸில் விரிசல். கிங் பின். பவர் ஸ்டீயரிங் பம்ப். இதில் ஒன்று இருந்தாலும் மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்குக் கூப்பிடுங்கள், வண்டியை அவரிடம் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வந்தவரிடம் "ஸ்டீயரிங் ஆடுது" என்று மட்டும் சொல்லாமல், "கிராஸ் வரைக்கும் பார்த்துட்டேன் அண்ணாச்சி, பாக்ஸுக்குள்ள போற ராடு திரும்புது, ஆர்ம் அசையல" என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் காலம் மாற்றும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

## பூட்டிய பிறகு

முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வீலை முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எங்கும் தட்டக் கூடாது, பிரேக் ஹோஸும் வயரும் இழுபடக் கூடாது. டேப்பும் கம்பியும் வைத்து ஆட்டத்தை மறுபடி அளந்து, ஒரு நோட்டில் பழைய அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு வருடா வருடம் எஃப்.சி. உண்டு. அந்த நோட்டில் வருடத்துக்கு ஓர் அளவு இருந்தாலே தேய்மானம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்துவிடும்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில், நடை வேகத்தில், லோடு இல்லாமல். ரோட்டில் ஓட்டி வந்தபின் பிஞ்ச் போல்ட், கிளாம்ப், பாக்ஸ் போல்ட் மூன்றையும் இன்னொரு தடவை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புது போல்ட் முதல் லோடில் கொஞ்சம் உட்காரும். இறுக்கியபின் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை குனிந்து பார்க்கும்போதே போல்ட் நகர்ந்திருக்கிறதா என்று தெரியும்.